சம்பா காப்பீடு: பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

பயிர்க் காப்பீட்டுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாட்களில் டெல்டா மாவட்டங்களின் டீக்கடைகளில் ஒரே கேள்விதான் ஓடும்: பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது, நமக்கு ஏன் வரவில்லை? இரண்டு ஊரிலும் ஒரே மழை, ஒரே வாய்க்கால். ஆனாலும் ஓர் ஊருக்கு ஏக்கருக்குப் பல ஆயிரம், இன்னோர் ஊருக்கு ஒன்றுமில்லை. இதில் தவறு நடந்திருக்கலாம், விதிப்படியும் நடந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, காப்பீட்டுத் திட்டத்தின் சில சொற்கள் விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முக்கியமானது 'காப்பீட்டு அலகு'. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், மகசூல் இழப்பை உங்கள் வயலை மட்டும் பார்த்துக் கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்கா முழுவதும் ஒரே அலகு. அந்த அலகில் இதற்குமுன் 7 ஆண்டுகளில் கிடைத்த மகசூலில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை 'உத்தரவாத மகசூல்' என்று வைக்கிறார்கள். இந்த ஆண்டு மகசூல் அதற்குக் கீழே இறங்கினால்தான் இழப்பீடு.

உதாரணமாக, உங்கள் ஊருக்கு உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். ஊரின் மகசூல் 1,500 கிலோ என்று முடிவானால் குறைவு கால் பங்கு. ஏக்கருக்கு 9,000 ரூபாய் வரவேண்டும். ஊரின் மகசூல் 2,010 கிலோ என்று பதிவானால், உங்கள் வயலில் ஒரு மூட்டைகூடத் தேறாவிட்டாலும் இந்தக் கணக்கில் பணம் கிடையாது. இது கொடுமையான விதி என்பதே என் கருத்து. பள்ளக்கால் வயல்காரர்தான் ஒவ்வொரு முறையும் அடிபடுகிறார்.

ஊரின் மகசூலை முடிவு செய்வது 'பயிர் அறுவடைப் பரிசோதனை'. நெல்லுக்கு 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள துண்டை அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். ஒரு கிராமத்துக்கு நான்கே இடங்கள். எந்தெந்தப் புல எண் என்பது குலுக்கல் முறையில் அமையும். நான்கு துண்டு நிலத்தின் எடை ஊர் முழுவதற்கும் பணம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது என்றால், அந்த அறுவடையை ஊரார் போய்ப் பார்க்காமல் இருக்கலாமா? தேர்வான புல எண்களை வேளாண் உதவி அலுவலரிடம் கேளுங்கள். அறுக்கும் நாளில் நாலு பேர் வரப்பில் நில்லுங்கள். எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்காடுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

இன்னொரு குழப்பம் '33 சதவீத பாதிப்பு'. இது காப்பீட்டுச் சொல்லே அல்ல. அரசு தரும் பேரிடர் நிவாரணத்துக்கான அளவு. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் அலுவலரும் வயல் வயலாகப் பார்த்து எழுதுவது அந்த நிவாரணத்துக்குத்தான். அந்தக் கணக்கெடுப்பில் பெயர் வந்துவிட்டதால் காப்பீடும் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. தகுதி இருந்தால் இரண்டும் கிடைக்கும்.

தனி வயலுக்கும் பார்க்கும் பிரிவு ஒன்று உண்டு. ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, மின்னல் தீ போன்ற 'உள்ளூர்ப் பேரிடர்' நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். வயல் மூழ்குவதும் இதில் இருந்தது. ஆனால் 2018இல் நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். கார்த்திகை மழையில் தண்ணீருக்குள் பயிரைப் பறிகொடுத்த விவசாயிக்கு இத்தனை ஆண்டும் அந்தக் கதவு மூடியே இருந்தது. 2026 காரீப் பருவத்திலிருந்து நெல் மூழ்குவதையும், வனவிலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அறிவிப்பு உங்கள் மாவட்டத்துக்கும் பயிருக்கும் வந்திருக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். மூழ்கிய அன்றே வயலில் நின்று பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படம் ஏற்றுங்கள், அல்லது 14447க்குப் பேசிப் புகார் எண்ணை வாங்குங்கள். வடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் 72 மணி நேரம் போய்விடும்.

அறுத்த பிறகு வரும் இழப்புக்கும் இதே 72 மணி நேரம்தான். வயலில் அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் கெட்டால் கேட்கலாம். கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்திருக்கும் நெல்லுக்கு இது பொருந்தாது.

ஆவணங்களில் சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும்; அடங்கல் அந்தப் புல எண்ணில் இந்தப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது என்று சொல்லும். காப்பீட்டுக்கு உயிர் அடங்கலில் இருக்கிறது. பெரும்பாலும் நவம்பர் 15ஐ ஒட்டி வரும் கடைசி நாளுக்குள் அதில் நெல் என்றும் சரியான பரப்பு என்றும் ஏறியிருக்க வேண்டும். குத்தகைதாரர்களும் வாரத்துக்குப் பயிரிடுவோரும் இத்திட்டத்தில் சேரலாம். ஆனால் சிட்டா கோயில் பெயரிலோ மிராசுதார் பெயரிலோ இருக்க, குத்தகை வாய்மொழியாகவே நடக்க, இழப்பீடு உழாதவர் கணக்குக்குப் போகும் ஊர்கள் உண்டு. சாகுபடி செய்வது நான்தான் என்ற சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பெறுங்கள். குத்தகை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ள 1969 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது.

கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கியவருக்கும் 2020 முதல் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிரிமியம் பிடித்தம் ஆகும். சேர்ந்தவர் ரசீதில் கிராமம், புல எண், பரப்பு, வங்கிக் கணக்கு நான்கையும் அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். வங்கியோ சங்கமோ தவறாகப் பதிவேற்றியதால் பணம் போனால் பொறுப்பு அவர்களுடையது என்பது திட்ட விதி.

பணம் வராதபோது ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் அலகின் உத்தரவாத மகசூல், அறுவடைப் பரிசோதனை எடை இரண்டையும் கேளுங்கள். தாமதம் செய்யும் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். மனுவில் அதையும் எழுதுங்கள். இதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய பிரிமியம் சில நூறு ரூபாய்தான் என்பதால் அங்கே கட்டணம் எதுவும் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.