அனுப்பப்படுகிறவரின் முதல் நாள்கள்



ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் முடிகிற வேளையில் நம் ஆயர் இல்லங்களிலிருந்தும் துறவற சபைகளின் தலைமை இல்லங்களிலிருந்தும் கடிதங்கள் புறப்படும். பணிமாற்றக் கடிதங்கள். சில வரிகள்தாம் இருக்கும். ஆனால் குருவாகி ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞரையோ, இப்போதுதான் வார்த்தைப்பாடு கொடுத்த ஓர் அருட்சகோதரியையோ அந்தச் சில வரிகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே ஒரு மையப் பங்கு இருக்கும். அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஊர்கள் சிதறிக் கிடக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பதுதான் பணி. பேசுகிற மொழி புரியாது. வீட்டில் அம்மா கேட்கிற முதல் கேள்வி, “அங்கே சோறு கிடைக்குமா?” என்பது. இரண்டாவது கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. “எத்தனையோ பேர் இருக்க, என் பிள்ளையைத்தானா அனுப்ப வேண்டும்?”

புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழா நெருங்கும் இந்நாள்களில் அந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் சிந்திப்போம். கோட்டாற்றுப் பேராலயத்தில் கொடியேறி டிசம்பர் 3 வரை திருவிழா நடக்கும். நாமும் போவோம், மெழுகுதிரி ஏற்றுவோம். பீடத்தில் நிற்கிற சவேரியார் பெரும் புனிதர். ஆனால் உரோமையிலிருந்து அவர் கிளம்பிய நாளில் யாரும் அவரை அப்படிப் பார்க்கவில்லை. சொல்லப்போனால், இந்தியாவுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவரே அவர் இல்லை.

நடந்தது இதுதான். போர்த்துக்கல் அரசர் மூன்றாம் யோவான் இந்தியாவுக்கு மறைப்பணியாளர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார். இயேசு சபை அப்போது திருத்தந்தையின் முறையான ஒப்புதலைக்கூடப் பெற்றிருக்கவில்லை. அது 1540 செப்டம்பரில்தான் கிடைத்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய தோழர்களில் இருவரை இஞ்ஞாசியார் குறித்தார். ஒருவர் சிமோன் ரொட்ரீகஸ், மற்றவர் பொபதில்லா. பொபதில்லா உரோமைக்கு வந்து சேர்ந்தபோது நோயுற்றிருந்தார். அரசரின் தூதரோ ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார். இஞ்ஞாசியாரும் அப்போது உடல்நலமின்றிப் படுத்திருந்தார். அருகில் கடிதங்கள் எழுதிக்கொடுக்கும் செயலாளராக இருந்தவர் சவேரியார். அவரை அழைத்து, போகிறீரா என்று கேட்டார். சவேரியார் இணங்கினார். பழைய உடைகளைத் தைத்துச் சரிசெய்துகொண்டார், திருத்தந்தையிடம் ஆசி பெற்றார், 1540 மார்ச் நடுவில் தூதரோடு கிளம்பிவிட்டார். ஆயத்தம் செய்ய அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நாள். அப்போது அவருக்கு வயது 33, 34 நிறையச் சில வாரங்களே இருந்தன.

வேறொருவருக்குப் பதிலாக அனுப்பப்பட்டவர்! நம் பங்குக்கு உதவிப் பங்குத்தந்தையாக ஒருவர் இப்படி வந்திருந்தால் நாம் என்ன பேசியிருப்போம் என்று நமக்கே தெரியும்.

அனுப்பப்படுதல் என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். ‘திருத்தூதர்’ என்று நாம் சொல்லும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் பொருள் ‘அனுப்பப்பட்டவர்’ என்பதே. சிறந்தவர் என்றோ, திறமையானவர் என்றோ பொருள் இல்லை. பன்னிருவரை ஆண்டவர் இருவர் இருவராக அனுப்புவதை மாற்கு நற்செய்தி ஆறாம் பிரிவில் வாசிக்கிறோம். கைத்தடி இருக்கலாம், மிதியடி இருக்கலாம்; உணவும் பையும் காசும் வேண்டாம் என்கிறார். இதை நாம் பெரும்பாலும் ஏழ்மையைப் பற்றிய அறிவுரை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வழியில் நடப்பவரின் பக்கம் நின்று பாருங்கள். கட்டுச்சோறு கையில் இருப்பவர் மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போய்விடலாம். கையில் ஒன்றும் இல்லாதவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். போதிக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொள்பவராக ஆகிறார். அந்த வீட்டை விட்டு நல்ல வீடு தேடிப் போகாமல், ஊரை விட்டுக் கிளம்பும்வரை அங்கேயே தங்குங்கள் என்பதும் அதே இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது.

சவேரியாரின் பயணம் தாமதங்களால் நிறைந்தது. உரோமையிலிருந்து லிஸ்பனுக்கு மூன்று மாதம். அங்கே கப்பலுக்காக ஒன்பது மாதக் காத்திருப்பு. அதற்குள் அரசருக்கு இருவர்மேலும் பிரியம் வந்து, இங்கேயே இருங்களேன் என்று நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். முடிவில் ரொட்ரீகஸ் தங்கிவிட்டார். முதலில் குறிக்கப்பட்ட இருவருமே போகவில்லை! மாற்றாக வந்தவர் மட்டும் 1541 ஏப்ரல் 7ஆம் நாள், தம் 35ஆவது பிறந்த நாளன்று கப்பலேறினார். கோவாவில் இறங்கியது 1542 மே 6 அன்று. இடையில் மொசாம்பிக்கில் காற்றுப் பருவத்துக்காகப் பல மாதங்கள் தங்க வேண்டியிருந்தது. அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். தாமும் நோயில் விழுந்தார்.

திருத்தந்தையின் தூதர் என்ற பதவிப் பத்திரங்கள் அவர் பெட்டியில் இருந்தன. அப்படிப்பட்டவருக்கு ஒரு வேலைக்காரராவது வேண்டும் என்று அரசு அதிகாரிகள் வற்புறுத்தியபோது, தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்வதாகச் சொல்லி மறுத்துவிட்டார். கோவாவில் இறங்கியதும் அந்தப் பத்திரங்களை ஆயர் யோவான் அல்புகர்க்கிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நீங்கள் அனுமதிக்கும் அளவுக்கே இவற்றைப் பயன்படுத்துவேன் என்றார். புதிய இடத்துக்குப் போகும் இளம் பணியாளர்கள் இந்த ஒரு செயலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் பாதி மனத்தாங்கல்கள் குறையும் என்பது நம் எண்ணம்.

பிறகுதான் உண்மையான பணி தொடங்குகிறது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரை பெருந்தொகையாக, ஏறத்தாழ 20,000 பேர், திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் மொழியில் மறையுண்மைகளைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நீங்கள் கிறிஸ்தவர்கள், அதற்கு மேல் என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்பதே அவர்களின் பதில். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று அரிஸ்டாட்டிலைப் பாடம் நடத்தியவர், மணப்பாட்டுக் கடற்கரையில் பேச்சு வராத குழந்தையைப் போல நின்றார்.

அவர் செய்தது என்ன? இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைப் பல நாள் உழைத்துத் தமிழாக்கினார்கள். அவற்றை அவர் மனப்பாடம் செய்தார். ஒரு மாதம் நாள்தோறும் இருமுறை கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். சொல்லிக்கொடுத்ததை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கினார். நோயாளிகளைப் பார்க்க எல்லா இடத்திலிருந்தும் ஆள் வரும்; தம்மால் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பி அந்த வீடுகளில் செபிக்கச் சொன்னார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. தம் துணைவர் மன்சிலாசுக்கு 1544இல் எழுதிய ஒரு கடிதத்தில் சவேரியார் அதைத் திருத்தச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள், ஆகவே அதை மாற்றிவிடும் என்று எழுதுகிறார். எண்ணிப் பாருங்கள். ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கடற்கரை முழுவதும் பிள்ளைகள், எல்லாம் வல்ல தந்தை எனக்கு வேணும், அவருடைய மகன் எனக்கு வேணும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! நம் காதுக்கு அதுவும் நல்ல செபமாகத்தான் படுகிறது. ஆனால் பிழை பிழைதான். நம்மைக் கவர்வது அந்தப் பிழை அன்று; தாம் சொல்லிக்கொடுத்தது தவறு என்று கண்டதும் கொஞ்சமும் கூசாமல் ஊர் ஊராகத் திருத்தச் சொன்னாரே, அதுதான்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று நாம் அப்படியே சொல்ல மாட்டோம். பிற சமயத்தாரின் வழிபாட்டைப் பற்றி அவர் எழுதிய கடுமையான சொற்களை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருச்சபை தன் வாயால் சொல்வதில்லை. அவர் தம் காலத்து மனிதர். இதை ஒத்துக்கொள்வதால் அவருடைய புனிதம் குறையாது.

ஒரே ஊரில் அவரால் தங்க முடியாது என்பதால் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்று மக்கள் அழைத்த அவர்களே நம் உபதேசியார்களுக்கு முன்னோடிகள். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஒரு வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி உபதேசியார்களுக்குக் கொடுத்தார். பணியாளர் வருவார், போவார். அங்கே இருந்து விசுவாசத்தைக் காப்பவர் அந்த ஊர்க்காரர். சவேரியார் 1545இல் மலாக்காவுக்குக் கப்பலேறிய பிறகும் கடற்கரையில் செபம் நிற்கவில்லை என்றால் அதற்கு இவர்களும் காரணம். இவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

தோற்ற நாள்களும் உண்டு. 1544 ஜூனில் வடுகப் படைகள் குமரிமுனைப் பக்கத்து மக்களைத் தாக்கின. தப்பியவர்கள் கடலுக்குள் நீண்ட பாறைகளில் பசியோடும் தாகத்தோடும் ஒளிந்திருந்தார்கள். சவேரியார் தோணிகளைக் கூட்டிக்கொண்டு உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. நாள்கணக்கில் போராடியும் போக முடியாமல் மணப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கடிதத்தில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனதை நாம் எல்லாப் பிரசங்கங்களிலும் சொல்கிறோம். திரும்பி வந்த இந்தத் தோணிகளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

மன்சிலாசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவேரியாரோடு லிஸ்பனிலிருந்து கிளம்பியவர், இதே கடற்கரையில் இதே வெயிலில் உழைத்தவர். அவருக்குச் சவேரியார் எழுதிய கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருவது, பொறுமையாக இரும், மக்களை அன்போடு நடத்தும் என்பதுதான். பொறுமை அவருக்கு எளிதாக இருக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது. பிறகு மொலுக்காத் தீவுகளுக்கு வரும்படி சவேரியார் சொன்னபோது அவர் போகவில்லை, சபையிலிருந்தும் விலக்கப்பட்டார். ஒரே கப்பல், ஒரே பணி, இரு வேறு முடிவுகள். மன்சிலாசை நாம் எளிதில் தீர்ப்பிட வேண்டாம். தனிமையும் களைப்பும் ஒருவரை என்ன செய்யும் என்று அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் ஆண்டவர் இருவர் இருவராக அனுப்பினார் போலும். திரும்பி வந்தவர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துப்போய்ச் சற்று ஓய்வெடுக்கவும் சொன்னார்.

சவேரியார் அந்தத் தனிமையை எப்படித் தாங்கினார்? 1546இல் அம்போயினாத் தீவிலிருந்து ஐரோப்பாவிலிருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. அங்கிருந்து எழுதிப் பதில் வர ஆண்டுகள் ஆகும் காலம் அது. தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களில் அவர்கள் தங்கள் கையாலேயே எழுதியிருந்த பெயர்களை மட்டும் வெட்டி எடுத்து, தாம் கொடுத்த வார்த்தைப்பாட்டுத் தாளோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருப்பதாக எழுதுகிறார். காசும் பையும் இல்லாமல் போகச் சொன்ன ஆண்டவர் இந்தச் சிறு காகிதத் துண்டுகளைத் தடுத்திருக்க மாட்டார் என்றே நம்புகிறோம்.

இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. கடிதம் எழுதும் வழக்கமே போய்விட்டது. ஆனாலும் கைப்பேசிக் கோபுரம் இல்லாத மலைக் கிராமங்களில் நம் பிள்ளைகள் சிலர் இன்று இரவு தங்கியிருக்கிறார்கள். கடந்த ஜூன் மாதம் நம் பங்குகளிலிருந்து கிளம்பிப்போன அவர்களுடைய முகவரிகளைப் பங்கு அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை இந்த வாரமே அஞ்சலில் சேர்ந்தால் நேரத்துக்குப் போய்விடும். அட்டையில் அச்சடித்த வாசகத்துக்குக் கீழே நம் பெயரை நம் கையாலேயே எழுதி அனுப்புவோம்.