‘பார்டரில்’ நிற்கும் சர்க்கரை: வணிகர்கள் கவனத்திற்கு

“அண்ணாச்சி, சுகர் பார்டரில்தான் இருக்கிறதாம், பயமில்லை” என்ற பேச்சை இப்போதெல்லாம் கோவில்பட்டி பஜாரில் அடிக்கடி கேட்கிறோம். ரிப்போர்ட்டை மடித்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள். நாம் அக்கறை காட்ட வேண்டிய நேரமே அதுதான்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4. இவற்றில் ஒன்று இருந்தாலும் பார்டர். அதற்கு மேல் போனால் நீரிழிவு. நம் நாட்டில் 13 கோடியே 60 லட்சம் பேர் இந்தப் பார்டரில் நிற்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சர்க்கரை தனியாக வருவதில்லை. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டிய இடுப்பு, 130/85-க்குக் குறையாத ரத்த அழுத்தம், கூடிய டிரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். ஐந்தில் மூன்று இருந்தால் ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’. மாரடைப்புக்கும் வழி அதுதான்.

இதைத் திருப்ப முடியுமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்துச் சுமார் மூன்றாண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தனி ஏற்பாடு ஏதும் செய்யப்படாத பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி நடந்த பிரிவில் 39 பேருக்கு. மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவில் 40 பேருக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்தும் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் நமக்கு வியப்பு. தொப்பை கரையவில்லையே என்று பத்து நாளில் நடையை நிறுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நாள் முழுவதும் கடையில் நிற்கிறோமே என்பீர்கள். நிற்பது நடையாகாது. மூடை தூக்குவது லோடுமேன், வீட்டிலிருந்து கடைக்கு வருவது ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரை வீட்டில் விட்டாலே பலருக்கு அரை மணி நேர நடை கிடைத்துவிடும்.

டீக் கணக்கையும் பாருங்கள். கம்பெனி ஏஜெண்டு வந்தால் ஒன்று, சரக்கு வந்தால் ஒன்று என நாளைக்கு ஆறு டீ. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 60 கிராம் சீனி, மாதம் 1 கிலோ 800 கிராம்! சீனிக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை போட்டால் ஏறாது என்பது தவறு. நாம் விற்கும் சரக்குதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்க் கடலை மிட்டாயிலும் கடலை நல்லது, பாகு வெல்லம்தான்.

நெல்லுச்சோறு கரிசலில் ஒரு காலத்தில் பண்டிகைச் சோறு. கம்பும் குதிரைவாலியும் நம் கடையிலேயே இருக்கின்றன. ஆனால் தட்டு நிறையச் சாப்பிட்டால் அவையும் மாவுச்சத்தே. அளவைக் குறைத்துப் பாசிப்பயறும் காய்கறியும் கூட்டுவதே நல்லது. கடை அடைத்துக் கணக்கு முடித்துப் பத்தரை மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுக்கும் வழக்கத்தை விட்டு, எட்டு மணிக்கே கடைக்குச் சாப்பாட்டை வரவழைத்துவிடலாம்.

மாத்திரை யாருக்கு வேண்டும் என்பதை எடை, வயது, சிறுநீரக நிலை பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பக்கத்துக் கடைக்காரர் சீட்டைக் காட்டி மெட்பார்மின் வாங்குவது வேண்டாம். சர்க்கரை இறங்கிவிட்டதென்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது.

பார்டரில் உள்ளோர் ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மறந்துவிடுவோர் மார்ச் மாதக் கணக்கு முடிப்போடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மதியம் கல்லாவில் உட்காரும் வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிரசவ காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் அவசியம் போக வேண்டும்.