எங்கள் ஒழுங்கையில் வெடிச்சத்தம்

2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு பின்னேரம். நான் முன் விறாந்தையில் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். முன்வீட்டு அக்கா தன் குசினி வாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியது. திரும்பிய கையோடு 'டப், டப், டமார்' என்று மூன்று வெடி.

நான் எப்போது மெசினுக்குக் கீழே போனேன் என்று எனக்குத் தெரியாது. தலை மேசையில் அடிபட்ட பிறகுதான் இது ஷெல் இல்லை, சைக்கிள்காரப் பெடியன் என்று விளங்கியது. அதற்குள் முன்வீட்டில் இருந்து அலறல். அக்கா பானையோடு நிலத்தில் விழுந்து கிடந்தார். கொதிக்கும் கஞ்சி வலது காலில் கொட்டியிருந்தது. அவருடைய 5 வயதுப் பேத்தி, அம்மம்மா விளையாடுகிறா என்று நினைத்து முதலில் சிரித்தது. தோல் கழன்றதைக் கண்ட பிறகு கத்தத் தொடங்கியது.

ஒருவர் பற்பசையோடு ஓடி வந்தார். வேண்டாம் என்று தடுத்து, கிணற்றடியில் இருத்தி 20 நிமிடம் வரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். பிறகு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. சகோதரிகளே, தீக்காயத்துக்கும் சுடுநீர்க் காயத்துக்கும் பற்பசை, மை, வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். சுத்தமான பச்சைத் தண்ணீர்தான் முதல் மருந்து. இது கட்டுரைக்குப் புறம்பான பேச்சுத்தான், என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அக்கா சொன்னார்: "சண்டை முடிஞ்சு 16 வருசம் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா அந்தச் சத்தம் கேட்டவுடனை கால் தானா மடங்குது. நான் என்ன செய்யிறது?"

அவருக்கு இடது காது கேளாது. 2009இல் பக்கத்தில் விழுந்த ஷெல் கொண்டுபோன காது அது. மிஞ்சிய ஒரு காதுக்குள்தான் இந்தச் சத்தமும் வந்து விழுகிறது.

வன்னியில் அந்த நாட்களைக் கண்ட நாங்கள் சத்தத்தால்தான் உயிர் தப்பினோம். தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்டால், எண்ணத் தொடங்குவோம். கூவிக்கொண்டு வந்தால் எங்களைத் தாண்டிப் போகும், கூவாமல் வந்தால் கிட்ட விழும் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்ததும் அதன் இரைச்சலைக் கேட்டுத்தான். அப்படிப் பழகிய காது, யோசித்துப் பார்க்க நேரம் எடுப்பதில்லை. மனம் அறிவதற்கு முன் உடம்பு ஓடிவிடும். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாராவது சிரித்தால் நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இரவில் நித்திரை இல்லாமல், நெஞ்சு படபடத்து, வேலை செய்ய முடியாமல் போகுமானால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் காட்டலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

அந்த வெடி எப்படி வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் கணவர் கராஜ் வைத்திருந்தவர். என்ஜினுக்குள் பெற்றோல் எரிந்தவுடன் வாயு மிகுந்த அழுத்தத்தோடு வெளியே பாயும். சைலன்சருக்குள் சிறு சிறு அறைகளும், துளை போட்ட குழாயும், தடுப்புத் தகடுகளும் இருக்கின்றன. வாயு அவற்றில் மோதி மோதிக் களைத்துத்தான் வெளியே வரும். அந்தத் தடுப்பை வெட்டி எடுத்துவிட்டால், அல்லது முழுவதையும் கழற்றி வெறும் குழாயைப் பூட்டினால், ஒவ்வொரு எரிதலும் அப்படியே றோட்டுக்கு வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது திறப்பை நிறுத்திப் போட்டால், எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய்ச் சேர்ந்து அங்கே வெடிக்கும். அதுதான் நாங்கள் கேட்ட 'டமார்'. தற்செயலாக வருவதில்லை. வேண்டுமென்று செய்கிறார்கள்.

சத்தத்தை டெசிபெல் என்ற அளவில் அளப்பார்கள். அந்தக் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். வீதிச் சத்தம் நாள் முழுவதற்குமான சராசரியில் 53 டெசிபெல்லுக்கும், இரவில் 45க்கும் கீழே இருப்பது உடம்புக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. எங்கள் ஒழுங்கையை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்காமலேயே கைக்குழந்தைகளுக்கு விளங்குகிறது.

புகையும் இப்படித்தான். பெற்றோல் வண்டியில் நீலப் புகை வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். டீசல் வண்டியில் கரும்புகை வந்தால் எண்ணெய் கூடப் போகிறது, அல்லது காற்று போதாது. எயார் பில்ரரைத் துப்புரவாக்கினாலே பாதி குறையும் என்று என் கணவர் சொல்வார். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012இல் உறுதியாக அறிவித்தது. எங்கள் ஊருக்கு மணல் டிப்பர்கள் காலை முதல் வருகின்றன. அவை போன பிறகு கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைத் தட்டிப் பாருங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் குசினிப் புகையை மறந்துவிட்டு றோட்டுப் புகையை மட்டும் பேசுவது நியாயமில்லை. ஈரவிறகில் தினமும் மூன்று வேளை ஊதுகிற எங்களுக்கு அதுவும் நஞ்சுதான்.

இதை எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சமும் இருக்கிறது. வாகனத்தை மாற்றி ஓடியவர்கள் முதலில் நாங்கள்தானே. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் கூப்பனுக்குத்தான். அப்போது என் கணவர் தன் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார். கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைப்பார். என்ஜின் சூடேறியவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் குளிர்ந்த என்ஜினில் அது எரியாமல் புகையாகத்தான் வெளியே போகும். பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களும் அப்படித்தான் ஓடின. ஊர் முழுக்க அந்த மணம். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் எல்லாம் அந்தப் புகைக்குள்தான் போனார்கள். நானும் என் மூத்தவளை வயிற்றில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இருந்து அப்படியே போனேன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும் அந்தச் சைக்கிள்தான் எங்கள் சட்டி பானையைச் சுமந்தது.

அவர் 2009இல் எங்களைப் பிரிந்தவர். எங்கே என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சைக்கிள் மட்டும் என் தமையன் வீட்டில் இருந்து பிழைத்தது. இப்போது என் வீட்டுப் பத்தியில் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது.

ஆகவே ஒரு பெடியன் ஸ்பனரோடு குந்தியிருந்து வண்டியைப் பிரித்துப் பூட்டுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வராது. அன்று அக்காவின் காலைப் பார்த்த பிறகுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூடியபோது இதைக் கதைத்தோம். நேரே பொலிஸுக்குப் போக வேண்டும் என்று சிலர். "பெடியளோடை கொழுவினால் ராவிலை வேலிக்கு மேலாலை கல்லு வரும். ஆம்பிளை இல்லாத வீடுகள், யோசிச்சுச் செய்யுங்கோ" என்று வேறு சிலர். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்களில் பாதிப்பேர் தனியே வீடு நடத்துகிறவர்கள். கடைசியில் முதலில் பெடியன் வீட்டுக்குப் போவது, பிறகு கிராம அலுவலரிடம், அதற்குப் பிறகு பொலிஸ் என்று முடிவெடுத்தோம்.

பெடியனின் தாயும் எங்களைப் போல ஒருத்திதான். மாமன்காரன் வெளிநாட்டிலிருந்து கொடுத்த முற்பணம், மிச்சம் லீசிங். மாதம் மாதம் கட்டுவது அவள். "நான் சொன்னால் கேக்கிறானே அக்கா" என்று அழுதாள். பெடியன் முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வயது 20. சுட்ட கால் கதையை நான் சொன்னபோது முகம் கறுத்தது. என்றாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சத்தம் இருந்தால்தான் அன்ரி முன்னாலை வாறவன் விலகுவான். இல்லாட்டி டிப்பர்காரன் அடிச்சுப் போட்டுப் போடுவான்."

"தம்பி, குழாய் எந்தப் பக்கம் பாத்திருக்கு? சத்தத்திலை கனக்கப் பங்கு உனக்குப் பின்னாலை போகுது. முன்னாலை வாறவனுக்கு லைற்றைப் போடு, கோணை அடி. பின்னாலை இருக்கிறது நாங்கள்தான்."

சிரித்துவிட்டான். புகைப் பரிசோதனைக்கு எப்படிப் போனாய் என்று கேட்டேன். பழைய சைலன்சரைப் பூட்டிக்கொண்டு போய், சான்றிதழ் கிடைத்த பிறகு கழற்றிவிட்டதாக மறைக்காமல் சொன்னான். இந்தப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. வருடாந்த வாகன வரிப் பத்திரம் எடுக்க இது வேண்டும். பெற்றோல் வண்டியில் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும், டீசலில் புகையின் கருமையையும் அளக்கிறார்கள். சத்தத்துக்கும் அந்த இடத்திலேயே ஒரு கருவி வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

அவன் உடனே கழற்றவில்லை. மூன்று கிழமை சென்றது. ஒரு நாள் சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றான். பழைய சைலன்சர் பூட்டியிருந்தது. அக்காவின் கட்டு அவிழ்த்தாகிவிட்டதா என்று கேட்டான். அவவைப் போய்க் கேள் என்றேன். போகவில்லை, வெட்கம். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் விறாந்தையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மற்றச் சந்திப் பெடியள் இருவர் கேட்கவேயில்லை. அவர்களுக்காகத்தான் பொலிஸுக்குப் போனோம். ஏழு பேராகப் போனோம். தனியே போகாதீர்கள். ஆண்டு, மாதம், நேரம், வண்டி இலக்கம் எல்லாம் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனதால் பேச்சு இலகுவாக முடிந்தது. அந்த ஆண்டு தை மாதம்தான் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றும் நடவடிக்கையை நாடு முழுவதும் பொலிஸார் தொடங்கியிருந்தார்கள். பஸ், ஓட்டோச் சங்கங்கள் எதிர்த்தபின் கால அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் சந்தியிலும் ஒரு நாள் மறித்து நின்று இரண்டு குழாய்களைக் கழற்றுவித்தார்கள். இரண்டு மாதத்தில் ஒன்று திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் போனோம்.

வேறு வழிகளும் இருக்கின்றன. பொதுத் தொல்லையை நீக்கும்படி கட்டளையிட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அயலவருக்கிடையிலான பிணக்கென்றால் மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. அவசரமென்றால் 119. எங்கே முறைப்பாடு கொடுத்தாலும் அதன் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். 'நாங்கள் பாக்கிறம், போங்கோ' என்று சொன்னால், சிரித்த முகத்தோடு நின்று இலக்கத்தைக் கேளுங்கள். கொடுப்பார்கள்.

அக்காவின் கால் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. இப்போது பானையைத் தூக்கி வடிப்பதில்லை. நிலத்தில் வைத்து அகப்பையால் கஞ்சியை அள்ளி ஊற்றுகிறார். டிப்பர்கள் இன்னும் வருகின்றன. 43 பேர் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்றைப் பிரதேச சபைக்கும் பொலிஸுக்கும் கொடுத்திருக்கிறோம். அதில் பெடியனின் தாயும் கையெழுத்து வைத்திருக்கிறாள். முறைப்பாட்டு இலக்கத்தைச் சங்கத்தின் கணக்குக் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.