புதைந்த நினைவும் வேற்றுமொழியும்

உளவியல் திகில் படங்களில் புதைந்த நினைவு வெளிப்படுவதற்கு மொழிமாற்றமும் ஒரு குறியாக அமைவதுண்டு. ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) என்னும் மலையாளப் படத்தில், சிறுவயதுத் துயரம் உள்ளத்தில் புதைந்த கங்கா, தன்னைத் தஞ்சை நடனமங்கை நாகவல்லியாக உணரும்போது தமிழ் பேசுகிறாள். மொழி மாறுவதே ஆளுமை பிளவுற்றமைக்குச் சான்றாகிறது.

தமிழாக்கத்தில் அத்தமிழை அவ்வாறே வைத்தால் அச்சான்று மறைந்துவிடும். எனவே பி. வாசுவின் ‘சந்திரமுகி’யில் (2005) தெலுங்கும், இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளமும் அவ்விடத்தைப் பெற்றன. இங்குப் பெயர்க்கப்பட்டது மொழியன்று. தாய்மொழிக்கும் வேற்றுமொழிக்கும் இடையிலுள்ள தொலைவேயாகும்.

திரையின் அடியில் இடம்பெறும் மொழிபெயர்ப்பு வரிகள் இரு மொழிகளையும் ஒன்றாக்கும்போது இத்தொலைவு அழிகிறது. ஆங்கு மொழிமாற்றத்தைச் சாய்வெழுத்தாலோ நடை வேறுபாட்டாலோ உணர்த்துதல் மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.