சேருமுன் சோதனை: ஐரோப்பிய ஒன்றியமும் மனித உரிமைச் சீர்திருத்தங்களும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக விழையும் நாட்டுக்குப் பொருளாதார வலிமை மட்டும் போதாது. 1993 ஜூனில் கோபன்ஹேகனில் கூடிய உறுப்பு நாடுகளின் தலைவர்கள் மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, மனித உரிமைகள், சிறுபான்மையோர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு உறுதியளிக்கும் நிலையான அமைப்புகள் இருத்தல் வேண்டும் என விதித்தனர். இந்நிபந்தனை நிறைவேறுகிறதா என்பதை ஐரோப்பிய ஆணையம் ஆண்டறிக்கைகள் வாயிலாக மதிப்பிடுகிறது. அரசு தரும் விவரங்களுடன் தன்னார்வ அமைப்புகளின் தகவல்களும், ஐரோப்பியக் கவுன்சிலின் ஆய்வுகளும் இதற்குப் பயன்படுகின்றன. (இக்கவுன்சில் ஒன்றியத்தின் உறுப்பன்று; தனி அமைப்பு என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.)

இம்முறையின் வலிமையையும் வரம்பையும் துருக்கியில் காணலாம். 1987இல் விண்ணப்பித்த அந்நாடு 1999 டிசம்பரில்தான் வேட்பாளர் நாடாக ஏற்கப்பெற்றது. அதன்பின் சட்டங்கள் விரைந்து மாறின. 2002 ஆகஸ்டில் போர்க்காலம் நீங்கலாக மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. குர்து மொழி ஒலிபரப்புக்கும் இசைவு தரப்பட்டது. 2004இல் அரசுப் பாதுகாப்பு நீதிமன்றங்கள் கலைக்கப்பட்டன. ஆயினும் அரசுத் தொலைக்காட்சியில் குர்து மொழி முதன்முதலாக ஒலித்தது 2004 ஜூனில். அதுவும் அரைமணி நேர நிகழ்ச்சியாகவே. சட்டத்துக்கும் அமலுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன. சட்டம் நிறைவேறியதை முன்னேற்றமாகக் கணக்கிடுவது எளிது. கண்காணிப்பின் உண்மையான பணி அதன் பிறகே தொடங்குகிறது.

2005 அக்டோபரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. எனினும் சைப்ரஸ் தகராற்றால் 2006 டிசம்பரில் எட்டு அத்தியாயங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. முழு உறுப்புரிமையையே சில நாடுகளின் தலைவர்கள் வெளிப்படையாக எதிர்த்தனர். கதவு திறக்கும் என்ற நம்பிக்கை குன்றியபோது அறிக்கைகளின் பிடியும் தளர்ந்தது. நீதித்துறை, அடிப்படை உரிமைகள் பற்றிய 23ஆம் அத்தியாயம் திறக்கப்படவே இல்லை. பேச்சுவார்த்தை நின்றுவிட்டதென 2018 ஜூனில் ஒன்றியமே அறிவித்தது.

இதற்கு நேர்மாறான குறை ருமேனியா, பல்கேரியா நாடுகளில் வெளிப்பட்டது. நீதித்துறைச் சீர்திருத்தம் நிறைவுறுமுன்னரே அவை 2007 ஜனவரியில் சேர்க்கப்பட்டன. தனிக் கண்காணிப்பு 2023 செப்டம்பர் வரை நீடித்தது. ஆனால் தந்த உறுப்புரிமையைத் திரும்பப் பெற வழியில்லாமையால் அறிவுரையே பெரும்பாலும் எஞ்சியது.

இவ்வனுபவத்தால் முறை மாற்றப்பட்டது. 2012 ஜூனில் பேச்சுவார்த்தை தொடங்கிய மாண்டிநீக்ரோவுக்கு 23ஆம், 24ஆம் அத்தியாயங்களைத் தொடக்கத்திலேயே திறந்து இறுதியில் மூடுவதென முடிவாயிற்று. அவை 2013 டிசம்பரில் திறக்கப்பட்டன. இடைக்கால அளவுகோல்கள் நிறைவேறின என ஒன்றியம் ஏற்றது 2024 ஜூனில்தான்.