ஆசைக்கும் ஒரு பட்ஜெட் – 9: கண்ணாடி தேய்த்தவர்கள்

சென்ற வாரம் கேமராவைத் தவணையில் வாங்குகிறவர் கடைசியில் எவ்வளவு கட்டி முடிக்கிறார் என்று பார்த்தோம். இந்த வாரம் தொலைநோக்கி. எட்டு அங்குலக் கண்ணாடி வைத்த நல்ல தொலைநோக்கி ஒன்று, மாதம் இருபதாயிரம் வாங்குகிறவரின் இரண்டு மாதச் சம்பளத்தை அநாயாசமாக விழுங்கிவிடும். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை போக மிஞ்சுவதில் சனிக் கிரகத்தின் வளையத்துக்கு ஏது இடம்?

ஆனால் இந்தப் பொழுதுபோக்கை வளர்த்தவர்களில் பலர் கையில் காசில்லாதவர்கள். விலையில் எந்தப் பகுதியை எப்படி வெட்டுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு சிறு நகரம். லேத் போன்ற இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலைகளால் பிழைத்த ஊர். ஆர்க்டிக் பனிப் பயணங்களுக்குப் போய்வந்த ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் 1920-ல் அங்கே தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு ஆரம்பித்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். கடையில் விற்ற தொலைநோக்கியை அவர்களால் நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் அளவு பிசகாமல் வேலை செய்யும் கை இருந்தது.

அவர்கள் கற்றுக்கொண்ட வேலைக்கு இயந்திரமே வேண்டாம். இரண்டு வட்டக் கண்ணாடிகள். ஒன்றை ஒரு பீப்பாயின் மேல் அசையாமல் வைக்க வேண்டும். நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும். மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தபடி பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி குழியும், கீழ்க் கண்ணாடி மேடாகும். பிறகு தூளை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் கீல் பூசிய தட்டில் மெருகேற்ற வேண்டும். குழிவின் வடிவத்தில் வரக்கூடிய பிழை தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் நிற்க வேண்டும். இதைச் சோதிக்கும் கருவி என்ன தெரியுமா? ஒரு விளக்கு, ஒரு ஊசித் துளை, ஒரு சவர பிளேடு. ஃபூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவைத்த முறை இது. ஒளிக்குக் குறுக்கே பிளேடை நகர்த்தினால், கண்ணாடியிலுள்ள மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். நம் ஊர் லேத் பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால் அவருக்குக் கை பரபரக்கும் என்று நினைக்கிறேன்.

1925 நவம்பரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஆல்பர்ட் இங்கால்ஸ் இவர்களைப் பற்றி எழுதினார். அதன் பிறகு அமெரிக்காவெங்கும் வீட்டுக் கொட்டகைகளில் கண்ணாடி தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. போர்ட்டர் பின்னாளில் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கித் திட்டத்தில் வேலை செய்தார்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சங்கீத வாத்தியார். வாடகைக்கு ஒரு சிறு தொலைநோக்கி எடுத்துப் பார்த்தார், பெரியதற்கு விலை கேட்டார், கட்டுப்படியாகவில்லை. 1773-ல் தானே செய்ய இறங்கினார். அந்தக் காலத்தில் ஆடி கண்ணாடி அல்ல, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். சொந்தமாகச் செய்த தொலைநோக்கியால்தான் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டார். ஆனால் ஒரு செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மெருகேற்றும்போது பல மணி நேரம் கையை எடுக்க முடியாது என்பதால், தங்கை கரோலின் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டாள். கரோலினும் பின்னால் வால்மீன்கள் கண்டுபிடித்துப் பேர் வாங்கினாள் என்பது வேறு கதை. உங்கள் பொழுதுபோக்குக்காக வீட்டில் யார் வேலை கூடுகிறது என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் ஜான் டாப்சன். கையில் காசே இருக்கக் கூடாத துறவி. சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944-ல் சேர்ந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாய்தான் உடம்பு. தாங்கிதான் அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம். தொலைநோக்கி விலையில் பெரும்பங்கு, கண்ணாடியைத் தவிர, அதை நடுங்காமல் திருப்பும் கனமான இரும்புத் தாங்கிக்குத்தான் போகும். டாப்சன் ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்தார்: மேலும் கீழும் சாயும், பக்கவாட்டில் சுற்றும், அவ்வளவுதான். தச்சர் ஒருவர் போதும். காப்புரிமை வாங்கவில்லை. மடத்தை விட்டு 1967-ல் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு முதல் நண்பர்களோடு நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக நிலாவைக் காட்டினார். இன்று கடையில் விற்கும் டாப்சோனியன் இவர் பெயரில்தான்.

சரி, நாம் என்ன செய்வது? கண்ணாடி தேய்க்கப் பொறுமை இருந்தால் தேய்க்கலாம். அலுமினியப் பூச்சுக்கு மட்டும் வெளியே கொடுக்க வேண்டும். புணேயில் உள்ள ஐயூக்கா நிறுவனம் தொலைநோக்கி செய்யும் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறது. தேய்க்க முடியாதவர்கள் ஆடியை மட்டும் வாங்கி, மிச்சத்தை ஒட்டுப்பலகை, பிவிசி குழாய், சன்மைக்கா, டெஃப்லான் துண்டுகளால் முடிக்கலாம். நாலு பேர் சேர்ந்து வாங்குவதும் உண்டு. யார் மொட்டை மாடியில் இருக்கும், பழுதானால் யார் செலவு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் நட்பு கெடும்.

முழுதாக வாங்குவதானால், தவணை வேண்டாம் என்பதே என் கட்சி. 'வட்டியில்லாத் தவணை'யில் மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி பல சமயம் போய்விடும், செயல்பாட்டுக் கட்டணமும் ஏறும். வங்கியில் மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி. போட்டால் 24 மாதத்தில் அசல் மட்டுமே 48,000. அந்த இரண்டு வருடம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு 10x50 பைனாகுலர் போதும். வியாழனின் நான்கு நிலவுகள், கார்த்திகைக் கூட்டம், ஆண்ட்ரோமீடா, நிலாவின் பள்ளங்கள் எல்லாம் கிடைக்கும். சனியின் வளையம் மட்டும் கிடைக்காது. இரண்டாவது வருடமும் கழுத்து வலிக்க மாடி ஏறுகிறீர்கள் என்றால் பணத்தை எடுங்கள். ஏறவில்லை என்றால் ஆர்.டி. வேறு எதற்காவது உதவும்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்: பெட்டியின் மேல் '500 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்ட 60 மில்லிமீட்டர் குழாய். அந்த அளவு வில்லையால் 120 மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் கலங்கல்தான் தெரியும். எட்டு அங்குல ஆடி அதைப் போல் பதினோரு மடங்கு ஒளியை வாங்கும்.

அடுத்த வாரம்: பழைய வீணை வாங்குவது.