மாறும் பின்னணிப் படங்கள்

பள்ளியில் நாடகம் பார்த்திருப்பீர்கள். அரண்மனைக் காட்சி முடிந்ததும் பின்திரை மாறும். காட்டுக் காட்சி தொடங்கும். நடிகர்கள் முன்னே நின்று பேசுவார்கள். திரை பின்னே நின்று அவர்களுக்குத் துணை செய்யும். இணையப் பக்கங்களிலும் இத்தகைய பின்திரை உண்டு. சில பக்கங்களைத் திறந்தால், எழுத்துகள் அசையாமல் நிற்க, அவற்றின் பின்னால் உள்ள படம் மட்டும் சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். இது எவ்வாறு இயங்குகிறது?

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்திற்கு ஓர் இணையப் பக்கம் உருவாக்கும் பொறுப்பு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்வோம். பொங்கல் விழா, நாடகம், பேச்சுப் போட்டி, நூலகம், கல்விச் சுற்றுலா என ஐந்து படங்கள் கையில் உள்ளன. ஐந்தையும் பின்னணியில் சுழல வைக்க வேண்டும்.

இதற்கு மூன்று கணினி மொழிகள் கைகொடுக்கின்றன. எச்.டி.எம்.எல். என்பது வீட்டின் தூணும் சுவரும் போன்றது. தலைப்பு, பத்தி, படம் ஆகியவற்றுக்கு இடம் வகுக்கும். சி.எஸ்.எஸ். அந்தச் சுவருக்கு வண்ணம் பூசும். எழுத்தின் அளவு, நிறம், பின்னணி ஆகியவற்றைத் தீர்மானிக்கும். 1995ஆம் ஆண்டு பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், வீட்டின் மின்விசையைப் போன்றது. பக்கத்தை இயங்க வைக்கும்.

முதலில் ஐந்து படங்களுக்கும் வரிசை எண் இட வேண்டும். கணினி பெரும்பாலும் 0 முதல் எண்ணத் தொடங்கும். எனவே, படங்களின் எண்கள் 0, 1, 2, 3, 4 ஆகும். அடுத்து, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நேரங்காட்டியை அமைக்க வேண்டும். அது மில்லிவினாடியில் கணக்கிடும். 7 வினாடிக்கு ஒருமுறை படம் மாற வேண்டுமானால் 7000 எனக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தற்போதைய எண்ணுடன் 1 கூட்டப்படும்.

நான்காம் எண் படத்திற்குப் பிறகு என்ன செய்வது? ஐந்தாம் எண்ணில் படம் இல்லையே! இங்கே நீங்கள் தொடக்கப்பள்ளியில் கற்ற வகுத்தல் உதவிக்கு வருகிறது. கூட்டி வந்த எண்ணைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 5ஐ 5ஆல் வகுத்தால் மீதி 0. ஆகவே, முதல் படமே மீண்டும் வரும். கடிகார முள் 12ஐத் தாண்டியதும் 1க்குத் திரும்புவதைப் போல, படங்களும் இடைவிடாமல் சுழலும்.

ஒரு படத்தை எடுத்துவிட்டு மற்றொன்றைச் சட்டென வைத்தால், கண்ணுக்கு அது உறுத்தலாக இருக்கும். அதனால் படங்களை இரண்டு அடுக்குகளாக வைப்பர். ஒரு படம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சி.எஸ்.எஸ். மொழியில் 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிக்கலாம். கீழே பழைய படம் இருக்க, மேலே உள்ள புதிய படத்தின் எண் ஒரு வினாடிக்குள் 0இலிருந்து 1க்கு உயரும். விடியலில் இருள் விலகுவதைப் போல, புதிய படம் மெல்லத் தோன்றும்.

படங்கள் சுழலத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டது என எண்ணலாகாது. பக்கத்தைப் படிக்கப்போகிறவரை இப்போதுதான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, படத்தின் அளவு. 4000க்கு 3000 அளவுள்ள கைப்பேசிப் படத்தில் 12 மில்லியன் புள்ளிகள் உள்ளன. 1920க்கு 1080 அளவுள்ள கணினித் திரையிலோ ஏறத்தாழ 2 மில்லியன் புள்ளிகளே உள்ளன. சுருக்காமல் ஐந்து படங்களையும் ஏற்றினால், திரை காட்ட இயலாத புள்ளிகளுக்காகவும் வாசகரின் இணையத் தரவு செலவாகும். படங்களை முன்னரே சுருக்குவதும், முதல் படம் தோன்றிய பின் மற்றவற்றைத் தரவிறக்குவதும் நல்லது.

இரண்டாவது, எழுத்தின் தெளிவு. வெள்ளை எழுத்து கருமேகத்தின் மீது நன்கு தெரியும். அடுத்து வெண்மணல் கடற்கரைப் படம் வந்தால் மறைந்துவிடும். உலகளாவிய வலைக்குரிய தரவிதிகளை வகுக்கும் அனைத்துலக அமைப்பு 2008ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என அது கூறுகிறது. படத்திற்கும் எழுத்துக்கும் நடுவே மெல்லிய கரிய அடுக்கு ஒன்றை வைத்தால் இச்சிக்கல் தீரும்.

மூன்றாவது, வாசகரின் உடல்நலம். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மிக வேகமாக மாறி மாறிப் பளிச்சிட்டன. அதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். எனவேதான், எதுவும் ஒரு வினாடிக்குள் மூன்று முறைக்குமேல் பளிச்சிடக்கூடாது என அதே வழிகாட்டி எச்சரிக்கிறது. தானாக அசைவது ஐந்து வினாடிக்குமேல் தொடர்ந்தால், அதை நிறுத்தும் வசதியும் வாசகருக்கு வேண்டும். நம் பக்கத்தில் படங்கள் ஓயாமல் சுழல்வதால், ஒரு மூலையில் சிறிய ‘நிறுத்து’ பொத்தானை வைப்பது நம் கடமையாகும். அசைவைக் கண்டால் தலைசுற்றல் அடைவோருக்கும், மெதுவாகப் படிப்போருக்கும் அப்பொத்தான் பெருந்துணையாக இருக்கும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர். இணையப் பக்கத்தின் சுவர் அதில் உள்ள செய்தி. கழகத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று அறிய வந்த மாணவர், படங்களை இரசித்துவிட்டு நாளையும் நேரத்தையும் படிக்க முடியாமல் திரும்பினால், அப்பக்கத்தால் பயன் என்ன?